இரண்டாவது மூச்சு

முதல் மூச்சு தானாக வந்தது. அதில் சௌரிராஜனுக்குச் சந்தேகமே இல்லை. கரண்டியில் பொரிந்துகொண்டிருந்த மிளகையும் சீரகத்தையும் நெய்யோடு சேர்த்துப் பொங்கல் பானையில் கவிழ்த்தார், சொர்ரென்று சத்தம் எழும்பியது, ஆவி முகத்தில் அடித்தது, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி ஈரமாகிக் கன்னத்தோடு ஒட்டியது, அந்த ஈரத் துணி வழியாக ஏதோ ஒன்று உள்ளே வந்தது. என்னவென்று உடனே தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்ட மாதிரி இருந்தது, திரும்பிக்கூடப் பார்த்தார். கோயில் மடைப்பள்ளியில் அவரைத் தவிர யாரும் இல்லை. கரி ஏறிய சுவர், மூலையில் ஈரச் சவுக்கு விறகு, ஒழுகுகிற இடத்தில் வைத்த பாத்திரத்தில் ஐப்பசி மழை சொட்டுகிற சத்தம், அவ்வளவுதான். அப்புறம்தான் புரிந்தது, அது வாசனை. சீரகம். நெய்யில் பொரிந்த சீரகம், அதற்குப் பின்னாலேயே மிளகு, கொஞ்சம் இஞ்சி. இரண்டு வருஷத்துக்கு மேலாகச் செத்துக் கிடந்த மூக்கு இது. அதுவரைக்கும் சரிதான். வாசனை தானாக வந்து ஏறினால் மடைப்பள்ளிக்காரன் என்ன செய்வான், அதைக் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த மூச்சு இருக்கிறதே, அது வரவில்லை, அதை அவர் இழுத்தார். பானை மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் துணியைக் கொஞ்சம் தளர்த்திக்கூட இருக்கலாம், அடிவயிறு வரைக்கும் இழுத்தார். இழுத்ததை விடாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். பெருமாள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத பொங்கல் அது.

பெருமாளுக்குப் போகிற எதையும் அவருக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். முகரவும் கூடாது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. முகர்ந்து ரசித்துவிட்டால் அதுவும் எச்சில்தான், மூக்கால் பட்ட எச்சில். அதற்காகத்தான் துணி. ஆனால் துணி என்ன இரும்புக் கதவா, வாசனை வரத்தான் செய்யும், வருகிற வாசனையின் பின்னால் மனசு கிளம்பிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சௌரிராஜன் இந்த வேலைக்கு வந்த புதிதில், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசில், அக்காரவடிசல் கிண்டுகிற நாளெல்லாம் பெரும்பாடு. பாலும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிறபோது மனசு பானைக்குள்ளேயே குதித்துவிடும். அதை வெளியே இழுக்க அவர் வேறு எதையாவது நினைப்பார். கிணற்றுக் கயிறு நைந்துபோச்சு, மாற்றணும். சைக்கிள் பின் டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, பஞ்சரா வால்வா? பக்தியால் அடக்கினீரா சைக்கிளால் அடக்கினீரா என்று யாராவது கேட்டிருந்தால் சைக்கிளால்தான் என்று ஒப்புக்கொண்டிருப்பார், யாரும் கேட்கவில்லை. நாளாக நாளாகப் பழகிப்போயிற்று. வாசனை வரும், பருப்பு சிவந்துவிட்டது என்று சேதி சொல்லும், போய்விடும், இவரும் உட்காரச் சொல்லமாட்டார். இப்படி மரியாதையாகவே வருஷங்கள் ஓடின. பிறகு அந்த ஜுரம் வந்தது. ஊர் உலகமெல்லாம் வந்த ஜுரம்தான், இவருக்கும் வந்தது, படுத்தார், எழுந்தார். எழுந்தபோது நாக்கு பாதிதான் திரும்பியிருந்தது, மூக்கு திரும்பவே இல்லை.

முதலில் பயந்தார். அப்புறம், வெளியே சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்து புலனில் ஒன்று ஒழிந்தது பார், இனி மடைப்பள்ளியில் நின்றாலும் மாட்டுக்கொட்டிலில் நின்றாலும் எனக்கு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டார். கோமளா, அவர் பெண்டாட்டி, அவரை நன்றாக அறிந்தவள், அந்தப் பெருமையை அதன் போக்கில் வளரவிடவில்லை. "ஏன்னா, ரிஷிகள்லாம் காட்டுக்குப் போய்த் தபஸ் பண்ணி அடக்கினதை நீங்க நாலு ஜுர மாத்திரையிலேயே அடக்கிட்டேளே," என்றாள். அவரும் சிரித்தார். சிரித்தாலும் அது உள்ளே போய்க் குத்திக்கொண்டது. செத்த மாட்டை முளையில் கட்டிவிட்டு, பார், என் மாடு வேலி தாண்டுவதே இல்லை என்று சொல்லிக்கொள்வதற்கு எவ்வளவு அசட்டுத் தைரியம் வேண்டும். அப்புறம் துணி கட்டும்போதெல்லாம் ஒரு கூச்சம் வந்தது. பூட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாத வீட்டுக்குப் பூட்டு. ஆனாலும் கட்டினார், கட்டாமல் எப்படி உள்ளே போவது? பானை எழுப்புகிற சத்தத்தை வைத்து, கொதி தடித்துப் பொத் பொத்தென்று ஆகிற பக்குவத்தை வைத்துச் சமைத்தார். பொங்கலும் புளியோதரையும் முன்பு போலத்தான் இருக்கின்றன என்று எல்லாரும் சொன்னார்கள், அவருக்கு அது என்னவோ பிடிக்கவில்லை.

கோமளா வாங்கிவந்து கொடுத்த கிராம்பு, எலுமிச்சம்பழம், காப்பிப்பொடி எல்லாவற்றையும் தினம் காலையில் மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கும்பகோணத்து டாக்டரம்மா சொன்ன வைத்தியம். காப்பிப்பொடி வெறும் பொடியாக இருந்தது. எலுமிச்சம்பழம் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிட்டார். ஆனால் அந்த அம்மாள் சொன்ன இன்னொன்றை மட்டும் மறக்கவில்லை. "நரம்பு முழிச்சுக்கும்போது எங்கேயாவது துளி வாசனை வரும் பாருங்க. வந்தா விட்டுடாதீங்க. அதையே திரும்பத் திரும்ப மோந்து பழக்குங்க. பழக்கினாத்தான் நிக்கும். விட்டீங்கன்னா மறுபடி தூங்கிடும், அப்புறம் எழுப்பறது கஷ்டம்." தூங்கிடும் என்று அவள் சொன்ன தோரணை, ஏதோ வீட்டில் சோம்பேறிப் பிள்ளை ஒருத்தன் இருக்கிற மாதிரி. திருச்சியில் பெண் வைதேகிக்குக் குழந்தை பிறந்து, யதுகிரி என்று பேர் வைத்து, புண்ணியாகவாசனம் அன்று அவர் மடியில் கொண்டுவந்து விட்டார்கள். உச்சி முகர்ந்தார். அந்தச் சின்னத் தலையில், அந்தப் பூனைமயிரில், முகர்வதற்கு ஒன்றுமே இல்லை. சம்பந்தியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன மணக்கறதாம் தாத்தாவுக்கு?" என்று கேட்க, "பால் வாசனை," என்றார். குழந்தை என்றால் பால் வாசனைதானே, ஊகித்துச் சொல்லிவிட்டார். அந்த ஊகம் இன்னும் உறுத்துகிறது. குழந்தை இப்போது நடக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்த வாசனை அதனிடமே இருக்காது.

ஆகையால் அந்த இரண்டாவது மூச்சை இழுத்தது யார்? மடைப்பள்ளிக்காரனா, தாத்தாவா, நோயாளியா? டாக்டரம்மா சொன்னபடிதானே செய்தேன், வந்ததை விடாமல் பிடித்தேன், மருந்து சாப்பிடுவது போகமா என்ன? இல்லையே, மருந்தை யாராவது கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்களா, அவ்வளவு சுகமாக? சுகமாக இருந்தது. அதுதான் விஷயம். எப்படிச் சுற்றிப் போனாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. முதல் மூச்சு தானாக வந்தது, இரண்டாவது நான் இழுத்தது, இழுத்தபோது பெருமாள் நினைவே இல்லை, யதுகிரி நினைவும் இல்லை, நியாயமாகப் பார்த்தால் என் நினைவுகூட இல்லை, சீரகம் மட்டும்தான் இருந்தது. ஒரு சீரகத்துக்குப் போய்விட்டேனே என்று நினைத்தார். நினைக்கும்போதே அந்தச் சீரகத்தின் நினைப்பு தித்தித்தது. கையில் வெறும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார், நெய் சொட்டி அடுப்பங்கரையில் வட்டம் போட்டிருந்தது. பானையை மூடவும் தோன்றவில்லை, இறக்கவும் தோன்றவில்லை, அந்த நேரத்தில்தான் சுந்தரவரத பட்டர் நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றார். சன்னிதியில் பூஜை செய்கிறவர், இவரோடு ஒன்றாகத் திருமஞ்சனக் குடம் தூக்கிய காலத்திலிருந்து சிநேகம்.

"ஓய் சௌரி, ஆச்சா? திரை போடணும்."

"தளிகை ஆகல்லே."

"பானை நெறைய இருக்கே, அது என்ன?"

"அதை நான் மோந்துட்டேன்."

"உமக்குத்தான் மூக்கே கிடையாதே ஓய்."

"வந்துடுத்து. இப்பத்தான். தாளிச்சுக் கொட்டறச்சே."

பட்டரின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. மழையில் நனைந்த தோளைத் துடைத்துக்கொள்ள எடுத்த துண்டை மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நெஜமாவா? கோமளாவுக்குத் தெரிஞ்சா ஆனந்தப்படுவோ. சரி, அதுக்கு எதுக்கு இன்னொரு தளிகை? நீராவா போய் மோந்தீர், அதுவா வந்தது. பெருமாள் இதுக்கெல்லாம் கோச்சுக்கறவர் இல்லே. மூடிக் கொண்டாரும்."

"மொதல் மூச்சு அதுவா வந்தது. ரெண்டாவது நான் இழுத்தேன்."

"நின்னு எண்ணிண்டிருந்தீராக்கும்," என்றார் பட்டர். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "உம்ம மனசுக்கு எப்படிப் படறதோ அப்படிப் பண்ணும். நான் காத்திண்டிருக்கேன். அவரும் காத்திண்டிருப்பார், எங்கே போகப்போறார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கண்டித்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். உம்ம மனசுக்கு என்று விட்டுவிட்டுப் போனதுதான் வம்பு. மனசிடம் கேட்டால் அது நியாயத்தையா சொல்லும், அதுதானே இங்கே குற்றவாளி, அதையே நீதிபதியாக உட்காரவைத்தால்? உடனே அது ஒரு வக்கீலையும் பிடித்து வந்துவிட்டது. சரி, இந்தப் பானையைத் தள்ளிவைத்துவிட்டாய், இனி இது பெருமாளுக்குப் போகப்போவதில்லை, அப்படியானால் இதை நீ தாராளமாக முகரலாமே, டாக்டரம்மா சொன்ன பழக்கமும் ஆயிற்று, பெருமாளுக்குப் புதிதாகத் தளிகையும் ஆயிற்று, யாருக்கு நஷ்டம்? சௌரிராஜன் அசந்துபோய்விட்டார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம். ஒரு காலைக்கூட எடுத்துவைத்துவிட்டார் பானையை நோக்கி. பெருமாளுக்குக் காட்டாததை நான் எப்படித் தொடுவது என்று ஒரு பக்கம் தோன்றியது, அது நல்ல காரணம்தான், ஆனால் நிஜமான காரணம் அதுவல்ல. அந்தப் பானையிடம் போனால் திரும்பி வரமாட்டார், அது அவருக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்துவிடுவார், அடுப்பு அணைந்தாலும் தெரியாது, பட்டர் திரும்பி வந்தாலும் தெரியாது. பானையை மூடி, பிடிதுணியால் தூக்கி, முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டே கொல்லைக்குக் கொண்டுபோய், கோயில் பசுவின் தொட்டியில் கவிழ்த்து ஆறவிட்டார். மழை அதன்மேல் விழுந்தது. பசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, இவ்வளவு ஆர்ப்பாட்டத்தின் காரணம் அதற்கு எப்படித் தெரியும்? காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேறு வெண்கலப் பானையை எடுத்து உலை வைத்தார்.

அரிசி களைந்தார். பயத்தம்பருப்பை எடுத்து வறுக்கப் போனவர் நின்றுவிட்டார். வறுத்தால் மணக்கும். வறுக்காமலே போட்டார். போட்டுவிட்டு, மணக்குமா? எனக்கு இன்னும் மணக்குமா? என்று யோசித்தார். அப்போதுதான் அந்தப் பயம் சரியாக வந்து உட்கார்ந்தது. இதுவரை குற்றத்தைப் பற்றியே சுற்றிக்கொண்டிருந்ததில் பயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அந்த வாசனை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா? கூரையிலிருந்து சொட்டுகிற ஈரம், சவுக்குப் புகை, கொதிக்கிற அரிசி, இங்கே எவ்வளவு வாசனை இருக்கவேண்டும், ஒன்றும் தெரியவில்லையே. தெரியவில்லையா, நான் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறேனா? அதைப் பார்க்க ஒரே வழிதான், முகரணும். முகர்ந்தால் இந்தப் பானையும் போயிற்று. முகராமல் இருந்தால் அது தூங்கிவிடும் என்கிறாள் டாக்டரம்மா. இன்று காலை வந்தது வாசல்வரை வந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வந்தது, நான் என்ன செய்தேன், ஒரு நிமிஷம் கட்டிக்கொண்டேன், உடனே கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு வருஷம் போனதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவன் கதவைச் சாத்துவானா? திரும்பி வந்த பெண்ணை வாசலில் நிறுத்திக் காலை அலம்பிக்கொண்டு வா என்று சொல்கிற வீடும் உண்டுதான், அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? யதுகிரியின் தலை நினைவுக்கு வந்தது. வெறும் தலை, வெறும் மயிர், கண்ணால் பார்த்ததோடு சரி. அடுப்பை ஊதுகிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எத்தனை வருஷமாக எவ்வளவோ விட்டிருக்கிறார். ஏகாதசிப் பட்டினி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. காதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, பக்கத்து வீட்டுச் சண்டையை மட்டும் இன்னும் விடமுடியவில்லை, சுவரோரமாகப் போய் நின்று கேட்டுவிட்டுக் கோமளாவிடம் வந்து நியாயம் பேசுவார். மற்றபடி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்த மனுஷன் என்று அவரை யாரும் சொல்லலாம். ஆனால் அதெல்லாம் கையில் இல்லாததை விட்டது, அல்லது நாளைக்குக் கிடைக்கும் என்று தெரிந்து இன்றைக்கு விட்டது. துவாதசி காலையில் அகத்திக்கீரை காத்திருக்கும் என்று தெரிந்தால் ஏகாதசி பட்டினி கிடக்க யாருக்குத்தான் முடியாது? நாளைக்கு இல்லாமல் போகலாம் என்று தெரிந்து இன்றைக்கு விடுவது இதுதான் முதல் தடவை. இந்த வயசில் வந்து முதல் தடவை. அவருக்குக் கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். கொஞ்ச நேரத்தில் அது தணிந்து, வேறு ஒன்று வந்தது, சந்தோஷம் என்று சொல்லலாமா, சொல்லலாம். அடக்குவதற்கு உள்ளே ஒன்று இருக்கிறது. மாடு உயிரோடு இருக்கிறது, கயிற்றை இழுக்கிறது, கை எரிகிறது. எவ்வளவு நாளாயிற்று இந்தக் கை எரிந்து.

பானை கொதி தடிக்கத் தொடங்கியது. அரிசியும் பருப்பும் குழைந்தன. கரண்டியில் நெய்யை ஊற்றி அடுப்பில் வைத்தார். இனிதான் கண்டம். சைக்கிள் டயரெல்லாம் இன்றைக்கு உதவாது என்று தெரிந்துவிட்டது, பன்னிரண்டு திருநாமத்தைப் பிடித்துக்கொண்டார். கேசவா, நாராயணா, மாதவா, கோவிந்தா. நெய் உருகிற்று. விஷ்ணு, மதுசூதனா. மிளகையும் சீரகத்தையும் போட்டார், வெடித்தன, மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரிவிக்கிரமா, வாமனா, ஸ்ரீதரா, ஹ்ருஷீகேசா. அங்கே போய் நாமம் நின்றுகொண்டது, நகரமாட்டேன் என்றது. ஹ்ருஷீகேசன் என்றால் புலன்களுக்கெல்லாம் எஜமான் அல்லவா, தினம் சொல்கிற பேர்தான், நெற்றியிலும் கழுத்திலும் திருமண்ணை இட்டுக்கொண்டே வாய்பாடு மாதிரி சொல்லிவிட்டுப் போகிற பேர். மூக்கு அவனுடையதென்றால் அதைச் சாகவிட்டவனும் அவன்தான், இன்று காலை எழுப்பினவனும் அவன்தான், எழுப்புகிறவன் தெருவில் போகும்போது எழுப்பியிருக்கலாம், மல்லிகைக்காரி கூடையருகில் எழுப்பியிருக்கலாம், நேரே கொண்டுவந்து தன் பொங்கலிடமா எழுப்புவான்? விளையாடுகிறானா? நீ விளையாடினால் விளையாடு, நான் முகரமாட்டேன். எனக்கு வேண்டாம் என்று இல்லை. வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் நீ. இவ்வளவு வேகமாக அவர் பெருமாளிடம் பேசி வெகுநாளாகிவிட்டது. நெய்யைக் கவிழ்த்தார், சொர்ரென்றது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், மூச்சை விடவில்லை, காதுக்குள் ரத்தம் திம் திம்மென்று அடித்தது, அந்த அடிக்கு நடுவே ஹ்ருஷீகேசா, பத்மநாபா, தாமோதரா, மறுபடியும் கேசவா என்று முதலிலிருந்து, மூச்சு முட்டும்போது நிலைப்படிக்கு ஓடி வெளியே விட்டுவிட்டு, வெளியே மழைக்காற்றை வாயால் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே, மறுபடி நாமம். உலகத்தில் நாமம் ஒன்றுதான் இருந்தது. ஒருவழியாகப் பானையை இறக்கி மூடியபோது முதுகெல்லாம் வியர்த்து, ஒரு பெரிய சண்டையில் ஜெயித்தவர் மாதிரி நின்றார்.

பானையைத் தூக்கிக்கொண்டு போய் சன்னிதியில் வைத்தார். பட்டர் துளசியைப் போட்டுத் திரையை இழுத்தார். மணிச் சத்தம் கேட்டது. மண்டபத்துத் தூணருகில் சௌரிராஜன் துணியை அவிழ்க்காமலே நின்றார். இனி அவிழ்க்கலாம், அவர் வேலை முடிந்தது. ஆனால் கை எழவில்லை. அவிழ்த்தால் தெரிந்துவிடும். பக்கத்திலேயே கற்பூரத் தட்டு இருக்கிறது, துளசி இருக்கிறது, வளையல்கடை பத்மினி அம்மாள் தலை நிறைய மல்லிகையோடு நின்றுகொண்டிருக்கிறாள், தினம் கடை திறக்கிற முன்னால் வந்து சேவித்துவிட்டுப் பொங்கல் வாங்கிக்கொண்டு போகிறவள். இதில் எதையாவது ஒன்றை முகர்ந்து பார்த்தால் ஆயிற்று. பார்க்கவேண்டாம். திரைக்குப் பின்னால் பெருமாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சாப்பிட்டு முடிக்கட்டும். போயிருந்தால்? போயிருந்தால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தார், உள்ளே ஒன்றும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போயிருக்கக் கூடாது. ஆனால் போயிருந்தாலும் காலையில் நான் செய்ததைத்தான் செய்திருப்பேன். இதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இது ஒப்புக்கொண்டது. தூணில் சாய்ந்துகொண்டார். மழை விட்டிருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது.

திரை விலகியது. சேவித்தார்கள். பட்டர் இலையில் பொங்கல் எடுத்துப் பத்மினி அம்மாளுக்குக் கொடுத்தார், அப்புறம் இவருக்கு. வழக்கமாக இவர் கடைசியில்தான் வாங்குவார், இன்றைக்கு ஏனோ பட்டர் முன்னதாகவே கையில் வைத்துவிட்டார், வைத்துவிட்டு அங்கேயே நின்றார். சௌரிராஜன் துணியை அவிழ்த்தார். இலையை இரண்டு கையாலும் தூக்கினார். கண்ணை மூடவில்லை. முகர்ந்தார். சீரகம் இல்லை. நெய் இல்லை. சரி, தூங்கிவிட்டது, விட்டுவிட்டேன் இல்லையா, தூங்கிவிட்டது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு நாற்றம் வந்தது. மடைப்பள்ளியில் ஏதோ எரிகிறது என்று நினைத்தார், அடுப்பை அணைத்தேனே, பிடிதுணியில் தீப்பட்டதோ? திரும்பிப் பார்த்தார். நாற்றம் அங்கேயிருந்து வரவில்லை. கையில் இருந்து வந்தது. இலையிலிருந்து, பொங்கலிலிருந்து, சுள்ளென்று, கசப்பாக, துளி சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. அடிப்பிடித்திருக்கிறது. மூக்கைப் பூட்டுகிறேன் பேர்வழி என்று கண்ணையும் காதையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டு நாமம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் பானை கத்திக் கத்திச் சொல்லியிருக்கும், யார் கேட்டார்கள்? அடிப்பிடித்த பொங்கலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார், திரை போட்டு மணியடித்துப் பெருமாளுக்குக் கொடுத்திருக்கிறார், முதலில் நீ முதலில் நீ என்று அடம்பிடித்து. பெருமாளும் முதலில் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலஸ்தானத்தில் விளக்கு வெளிச்சத்தில் எப்போதும் போலத்தான் நின்றுகொண்டிருந்தார். சௌரிராஜனுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை, இலையை இன்னும் கிட்டே கொண்டுவந்து அந்தத் தீய்ந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தார்.

பத்மினி அம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டு, மெல்லுவதா விடுவதா என்று தயங்கினாள். இவ்வளவு வருஷத்தில் அவள் பொங்கலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. "சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள். "இன்னிக்குப் பொங்கல் லேசா தீஞ்சாப்ல இருக்கு."

பட்டர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். சௌரிராஜன் இலையிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

"லேசா இல்லேம்மா," என்றார். "நன்னாத் தீஞ்சிருக்கு."